விசுவாசம் கேள்வியினாலே வரும்: கடலூர், புதுச்சேரி அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தையொட்டி, விசுவாச வாழ்வைப் பற்றி மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பதை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் ஒன்பது கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் குருவானவர் அல்லேன். லுத்தரன் சபையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியன். முப்பது ஆண்டுகளாகத் திடப்படுத்தல் வகுப்பு நடத்திய அனுபவத்தில் எழுதுகிறேன்.

நெல்லித்தோப்பிலிருந்து ஒரு சகோதரி: நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா வீட்டில் ‘நம்பிக்கை’ என்கிறார்கள், மாமியார் வீட்டில் ‘விசுவாசம்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான், ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் பாருங்கள்: ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்றிருக்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடம் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்றிருக்கும். ஒரு வீட்டில் இரண்டாவதாக நிற்கும் சொல், மறு வீட்டில் முதலாவதாக நிற்கிறது. உங்கள் தாயாரும் மாமியாரும் ‘நம்பிக்கை’ என்று சொல்லும்போது ஒருவர் கடவுளைப் பற்றிக்கொள்வதையும், மற்றவர் வரப்போவதற்காகக் காத்திருப்பதையும் சொல்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழாசிரியன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது தொல்காப்பியம். நம்புதல் என்றால் நசைதல், அதாவது விரும்புதல் என்பதே அந்தச் சொல்லின் பழம்பொருள். ஒன்றை உண்மை என்று அறிவினால் ஒப்புக்கொள்வது மட்டுமே நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த நூற்பா விவிலியத்துக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்துவிட்டது. பழைய ஏற்பாட்டில் விசுவாசத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘எமூனா’. நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ‘ஆமென்’ அதே வேரிலிருந்து வந்தது. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில், சூரியன் மறையும்வரை மோசேயின் கைகள் அசையாமல் நின்றன என்று சொல்லுமிடத்தில் இந்த ‘எமூனா’தான் வருகிறது. அங்கே அது கைகளின் உறுதியைக் குறிக்கிறது. ஒருவரை விரும்பி, அவர்மேல் சாய்ந்து, தளராமல் நிற்பது என்று இந்த இரண்டு மொழிகளையும் சேர்த்து நான் விசுவாசத்தைப் புரிந்துகொள்கிறேன். இந்தக் கைகளைக் கடைசிக் கேள்வியில் மறுபடியும் பார்ப்போம்.

காலாப்பட்டில் படிக்கும் ஒரு மாணவர்: எனக்குச் சந்தேகங்கள் வருகின்றன. சபையில் சொன்னால் பிசாசின் சோதனை என்கிறார்கள். சந்தேகப்படுவது பாவமா?

தம்பி, யோவான்ஸ்நானகன் சிறையில் இருந்துகொண்டு, ‘வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?’ என்று ஆள் அனுப்பிக் கேட்டான். யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவனின் கேள்வி அது. இயேசு அவனைக் கண்டிக்கவில்லை. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பினார், அந்த ஆட்கள் போன பிறகு ஜனங்களிடம் யோவானைப் புகழ்ந்தும் பேசினார்.

‘விசுவாசம் கேள்வியினாலே வரும்’ என்று ரோமர் 10:17இல் படிக்கிறோம். அங்கே கேள்வி என்பதற்குச் செவியால் கேட்டல் என்று பொருள். திருக்குறளில் ‘கேள்வி’ என்ற அதிகாரத்துக்கும் அதுவே பொருள். வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. கேட்டுவிட்டுப் பதிலுக்குச் செவிகொடுத்து உட்கார்ந்திருப்பவனின் சந்தேகத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. கேட்டவுடன் எழுந்து போய்விடுகிறவனைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். நீங்கள் இன்னும் எழுந்து போகவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

பண்ருட்டி அருகிலிருந்து ஒரு தாய்: என் எட்டு வயது மகனுக்கு வலிப்பு நோய். ஒரு ஜெபக்கூட்டத்தில் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய மூன்றாம் நாள் மறுபடி வந்துவிட்டது. என் விசுவாசம் போதவில்லை என்கிறார்கள்.

அம்மா, மற்றதைப் படிக்கும் முன்பு பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே வலிப்பைத் தூண்டும். அது உங்கள் ஆத்துமாவைப் பற்றிய செய்தி அன்று, மருந்து நின்றதன் விளைவு.

இனி வேதத்துக்கு வருவோம். மாற்கு 9இலும் மத்தேயு 17இலும் உங்கள் மகனைப் போலவே துடித்துக் கீழே விழுந்த ஒரு பிள்ளை வருகிறான். அவனுடைய தகப்பன், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கண்ணீரோடு கத்தினான். பாதி விசுவாசமும் பாதி அவிசுவாசமுமாக நின்ற அந்த மனிதனின் மகனை, மீதிப் பாதி நிரம்பட்டும் என்று காத்திராமல் இயேசு குணமாக்கினார். பிறகு சீஷர்கள் தனியாக வந்து, எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்டபோது, ‘உங்கள் அவிசுவாசத்தினாலேதான்’ என்றார். கடுகு விதையளவு விசுவாசம் என்ற புகழ்பெற்ற வார்த்தை அங்கேதான் வருகிறது. அந்தக் குறை சொல்லப்பட்டது குணமாக்க வந்தவர்களைப் பார்த்து. வேதத்தில் ஊழியர்கள்மேல் விழுந்த வார்த்தையை எடுத்து ஒரு தாயின்மேல் எறிவது பெருந்தவறு என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

அப்போஸ்தலனாகிய பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில் வந்தது. அவர் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லி எழுதினார், துரோப்பீமு என்ற உடன் ஊழியனை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தார். இவர்களில் யாருக்கு விசுவாசம் போதவில்லை? விசுவாசம் கடவுளிடம் கொடுத்து நலம் வாங்கும் பணம் என்று கற்பிக்கிறவர்கள், பணம் போதாத ஏழையைக் கடைவாசலில் நிறுத்துவது போல உங்களை நிறுத்திவிட்டார்கள். பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டே ஜெபியுங்கள். அந்த ஒரே செயலில் இரண்டும் அடங்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர்: விசுவாசத்தினால் மட்டும் இரட்சிப்பு என்கிறார்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்கிறாரே?

இந்த முரண்பாட்டில் லுத்தரே திணறினார். 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். ஆனால் அதே ஆண்டில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, அது நன்மை செய்யாமல் சும்மாயிருக்க முடியாதது என்றும் எழுதினார். நெருப்பும் சூடும் போல என்று கொள்ளுங்கள். சூட்டைக் கொண்டு நெருப்பு மூட்ட முடியாது, நெருப்பு இருந்தால் சூடு இல்லாமலிருக்கவும் முடியாது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன; நம்முடைய புண்ணியத்தினால் அன்றிக் கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரு தரப்பும் ஒன்றாகச் சொல்லின. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தனர்.

கடலூர் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு இளைஞர்: எங்கள் ஊரில் கிறிஸ்தவக் கல்லறையே சாதிவாரியாக இரண்டாக இருக்கிறது. இதைப் பேசினால், ‘விசுவாசம் உள்ளத்துக்குரியது, ஊர் வழக்கத்தைக் கிளறாதே’ என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ‘விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறோம்’ என்ற உபதேசத்தைப் பவுல் கலாத்தியர் நிருபத்தில் முதன்முதலாக எங்கே எடுத்துவைக்கிறார் என்று பாருங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பயந்து விலகி உட்கார்ந்தான். பவுல் எல்லோருக்கும் முன்பாக அவனைக் கண்டித்தார். அந்தக் கண்டிப்பின் தொடர்ச்சியாகவே அந்த மகா உபதேசம் வருகிறது. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற வழக்கிலிருந்து பிறந்த உபதேசத்தை உள்ளத்துக்கு மட்டும் உரியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம் மண்ணிலும் இது பழைய வழக்கு. புதுச்சேரியில் சம்பா கோயில் என்ற கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதியைப் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பெரிய குருவானவரிடம் முறையிட்டதையும், அந்தச் சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுப் பகுதியில் எழுதிவைத்திருக்கிறார். முறையிட்டவர்கள் கேட்டது எளிய கேள்வி: நாங்களும் உங்கள் சீடர்கள்தாமே, எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள்? கத்தோலிக்கரை மட்டும் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த எங்கள் லுத்தரன் ஆலயங்களிலும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

ஆகையால் பேசுங்கள் தம்பி, ஆனால் தனியாகப் பேசாதீர்கள். அடுத்த அடக்கத்தின்போது இரண்டு தரப்புக் குடும்பங்களிலிருந்தும் நான்கு பேராவது இரண்டு பக்கமும் மண் அள்ளிப் போடும்படி முதலில் ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் போதகரோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

புதுச்சேரி உழவர்கரையிலிருந்து ஒருவர்: மதுக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வேறு வேலை கிடைக்கவில்லை. நான் திருவிருந்து எடுக்கலாமா?

வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான்ஸ்நானகனிடம், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிட்டு வா என்று அவன் சொல்லவில்லை. கட்டளைக்கு மேல் வாங்காதே, ஒருவனையும் இடுக்கண் செய்யாதே, சம்பளத்தோடு திருப்தியாயிரு என்றான். கணக்கை நேர்மையாக எழுதுங்கள். வேறு வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். அந்தத் தொழில் எத்தனை வீடுகளின் அடுப்பை அணைக்கிறது என்பது என்னைவிட உங்கள் பேரேட்டுக்கு நன்றாகத் தெரியும். அதுவரை திருவிருந்துக்கு வாருங்கள். தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் என்றால் அந்தப் பந்தியில் முதலில் எழுந்து போகவேண்டியவன் நான்.

ஒரு பள்ளி ஆசிரியை: தினமும் எவ்வளவு நேரம் ஜெபிக்கவேண்டும்?

தவறாமல் செய்ய முடிகிற அளவு. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம், ஆனால் நாள்தோறும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா: சுனாமியில் என் மகளை இழந்தேன். ‘கர்த்தர் எங்களைக் காத்தார்’ என்று மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது, என் பிள்ளையை ஏன் காக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் வாசல்களில் தொங்கிக்கொண்டிருந்த காலை. உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, விடை இருப்பதாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொன்னார். அதற்கு மேல் ஒரு காரணத்தை நான் கற்பிக்கமாட்டேன். சாட்சி சொல்கிறவர்கள் அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

எபிரெயர் நிருபம் நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. நங்கூரம் போட்ட படகை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். நங்கூரம் கண்ணுக்குத் தெரியாது. கயிறுதான் தெரியும், அதுவும் காற்றடிக்கும்போது நரம்பு போல விறைத்து, முறுக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டு நிற்கும். படகு ஆடாமல் இருப்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக அழுதுகொண்டே ஆலயத்துக்கு வருகிற உங்களிடம் நான் காண்பது அந்தக் கயிற்றை. என் பிள்ளையை ஏன் காக்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள் அம்மா. சங்கீதப் புத்தகத்தில் அப்படிப்பட்ட கேள்விகள் நிறைய உண்டு.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர்: மனைவி இறந்து ஏழு மாதமாகிறது. ஆராதனையில் வாயைத் திறக்கவே முடியவில்லை. விசுவாசம் போய்விட்டதா?

ஐயா, என் மனைவி மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில் எனக்கும் கர்த்தருடைய ஜெபம்கூடப் பாதியில் நின்றுபோயிற்று. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்த ஜெபம். எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் மாலையில் ஃபிளாஸ்கில் காபியோடு வருவார்கள். என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று மெல்லிய குரலில் அவர்களே ஜெபத்தைச் சொல்லி முடிப்பார்கள். நான் ஆமென் மட்டும் சொல்லுவேன், சில நாள் அதுவும் இல்லை.

முதல் கேள்வியில் மோசேயின் கைகளைச் சொன்னேன். அந்தக் கைகள் தம் பலத்தால் அசையாமல் நிற்கவில்லை; அவை முன்பே அசந்துபோயிருந்தன. அப்போது ஒரு கல்லைக் கொண்டுவந்து, முதலில் அவரை உட்காரவைத்தார்கள். பிறகு ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்ற பெயருடையவர் மறு பக்கமும் கைகளைத் தாங்கினார்கள். எமூனா என்று வேதம் சொல்வது இப்படி மூன்று பேராகச் சேர்ந்து நின்ற உறுதியை. உங்கள் விசுவாசம் எங்கும் போய்விடவில்லை, இப்போது அதைத் தாங்கவேண்டியது எங்கள் முறை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வலது பக்கத்து மூன்றாம் தூணையொட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரும் எழுந்திருக்கும்போது நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், நானும் உங்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.