மாமிக்கு ஏன் இன்னும் சொல்லவில்லை?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 38 வயது. சுவிஸில், தூன் நகரத்தில் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் செர்மாட்டில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தேன். கோப்பை கழுவுகிற இடத்து யன்னலில் மாட்டர்ஹோர்ன் நேரே தெரியும். ஒரு நாள் அதன் உச்சியில் நிற்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இப்போது மலை நடை நல்ல பழக்கம். வெள்ளை-நீலக் குறி போட்ட கடினமான மலைப்பாதைகளிலும் தனியாகப் போய் வருகிறேன். வருகிற ஆகஸ்டில் ஹோர்ன்லி முகடு வழியாக ஏறப் போகிறோம். சுவிஸ் நண்பர் ஒருவர் முன்பு வழிகாட்டியோடு ஏறியவர், அவருக்குப் பாதை தெரியும். வழிகாட்டி வைத்தால் ஆளுக்கு ஆயிரம் பிராங்குக்கு மேல் போகும், ஆகவே நாங்களாகத்தான் போகிறோம். மச்சானும் வாறான், மனைவியின்ர தம்பி. பத்தொன்பது வயசுப் பெடியன், புட்போல் விளையாடுறவன், நீசன் மலைக்கு என்னைவிடக் கெதியா ஏறினவன். என்ர பழைய சப்பாத்தும் அவனுக்கு அளவாக இருக்கு. மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. மனைவி ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடும்பஸ்தன் என்றால் ஒரு ஆசைகூட இருக்கக் கூடாதா? அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: மனைவியை வழிக்குக் கொண்டுவர யோசனை கேட்டு வருகிற கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு மோட்டார் சைக்கிள், உங்களுக்கு மலை. உங்கள் ஆசையைப் பற்றி நான் இப்போது பேசப்போவதில்லை. போகிற போக்கில் மச்சானைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பதில் முழுக்க அந்த நாலு வரிக்குத்தான்.

அந்தப் பிள்ளையின் தகுதி என்று நீங்கள் சொல்வது என்ன? வயது பத்தொன்பது, கால் பலம், வேகம். இதே வார்த்தைகளை இதே மலையில் ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயரின் குழு மாட்டர்ஹோர்னில் முதன்முதலாக ஏறியது. ஏழு பேர். அதில் டக்ளஸ் ஹாடோ என்ற பையனுக்குப் பத்தொன்பது வயது. அவனைக் கூட்டி வந்தவர் சார்லஸ் ஹட்சன் என்ற பாதிரியார். அந்தக் காலத்தில் மலையேற்றத்தில் பெரிய பெயர் எடுத்தவர். இந்தப் பையனால் முடியுமா என்று விம்பர் கேட்டார். பெரும்பாலானவர்களைவிடக் குறைந்த நேரத்தில் மோன் பிளாங் மலை ஏறி வந்தவன் என்று ஹட்சன் பதில் சொன்னார். அதோடு கேள்வி முடிந்தது.

ஏறும்போது சமாளித்துவிட்டான். இறங்கும்போதுதான் கால் நிற்கவில்லை. முன்னால் இறங்கிய வழிகாட்டி மிஷேல் குரோ தன் பனிக்கோடரியை ஓரமாக வைத்துவிட்டு, ஹாடோவின் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாறையில் பதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தன் அடியை எடுத்துவைக்கத் திரும்பிய நேரத்தில் ஹாடோ வழுக்கி அவர் மேலேயே விழுந்தான். கயிற்றில் அடுத்து இருந்த ஹட்சனை அது இழுத்தது, அடுத்து பிரான்சிஸ் டக்ளஸ் என்ற இன்னொருவரை இழுத்தது. அவருக்கும் மூத்த பீட்டர் டவ்க்வால்டர் என்ற வழிகாட்டிக்கும் நடுவில் கயிறு அறுந்ததால்தான் மேலே மூன்று பேர் மிஞ்சினார்கள். நாலு பேர் வடக்குப் பக்கமாகக் கீழே பனியாற்றில் போய் விழுந்தார்கள். பிரான்சிஸ் டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஹட்சன் கெட்டவர் இல்லை. அந்தப் பையனின் மேல் பிரியம் உள்ளவர்தான். உங்களைப் போலவே.

நீசன் 2362 மீட்டர். அதில் உள்ளது நடைபாதை. மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம், கால் இடறினால் முழங்கால் உரசும். ஹோர்ன்லி குடில் இருப்பதே 3260 மீட்டரில். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் 1200 மீட்டருக்கு மேல், எல்லாம் கையும் காலும் வைத்து ஏறுகிற பாறை. விடியுமுன் நெற்றி விளக்கோடு புறப்பட வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் பெரிய கடினமில்லாத பிடிகள்தான். ஆனால் அவை முடிவதே இல்லை. முகட்டின் கோட்டைத் தவறவிட்டுக் கிழக்கு முகத்துக்குள் போய்விட்டால் உளுத்த பாறையில் மாட்டிக்கொள்வீர்கள். வழிகாட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை ஏறியவருக்குப் பாதை தெரியும் என்று எந்த நம்பிக்கையில் எழுதினீர்கள்? இருட்டில் எந்தப் பிளவுக்குள் திரும்புவது என்பது முன்னால் போனவருக்குத் தெரியும். பின்னால் போனவருக்குத் தெரிந்தது சப்பாத்துக் குதி மட்டும்.

கயிற்றில் மூன்று பேராக இருந்தால் பலம் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் ஓடுகிறது. அந்த முகட்டில் பெரும்பகுதியை எல்லோரும் ஒன்றாக நகர்ந்தே கடக்கிறார்கள். நடுவில் சில மீட்டர் கயிறு, மிச்சம் தோளில் சுருட்டியிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் கயிற்றைப் பாறையில் கட்டிக்கொண்டிருந்தால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது. ஆகவே ஒருவர் வழுக்கும் கணத்தில் மேலே இருப்பவர் கயிறு விறைக்கும் முன்பே பிடித்தாக வேண்டும். விறைத்த பிறகு பிடிக்க எதுவும் இல்லை. இதைப் பிழைப்பாகச் செய்கிற செர்மாட் வழிகாட்டிகளே இந்த மலையில் ஒரு ஆளுக்கு ஒரு வழிகாட்டி என்றுதான் கூட்டிப்போகிறார்கள், இரண்டு பேரைக் கட்டிக்கொள்வதில்லை. அதற்கும் முன்னால் ரிஃபெல்ஹோர்ன், பொல்லுக்ஸ் மாதிரிப் பக்கத்து மலைகளில் ஆளை ஏற்றிப் பார்க்கிறார்கள். ஹோர்ன்லி குடிலிலிருந்து, முகட்டில் 4003 மீட்டரில் இருக்கிற சொல்வே குடிலுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனால் பெரும்பாலும் அங்கேயே திருப்பிவிடுவார்கள். பணம் கட்டியவர் கெஞ்சினாலும் திருப்பிவிடுவார்கள்.

இங்கேதான் என் கேள்வி வருகிறது. உங்கள் கயிற்றில் யார் யாரைத் திருப்புவார்கள்?

அவன் உங்களை அத்தான் என்று கூப்பிடுகிறவன். உங்கள் கல்யாணத்தின்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பான். அத்தான் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று அவன் வாயில் வராது. பாதி மலையில் கால் நடுங்கும்போது, அத்தான், எனக்குப் பயமாக இருக்கு, இறங்குவம் என்று சொல்வானா? சொல்லமாட்டான். நம் வீடுகளில் இளைய பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். மூத்தவர் முன்னால் தளர்ச்சியைக் காட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். ஒரு மலைக்குழுவில் ஆகத் தளர்ந்தவன் வாய் திறக்க முடியாவிட்டால் அந்தக் குழு திரும்பாது. நீங்கள் அவனுடைய மரியாதையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவனுடைய அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஏன்? மாமி வேண்டாம் என்று சொல்லுவா என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தாயின் பதில் தெரிந்திருந்தும் கேளாமல் விட்டு, அவவின் பிள்ளையைக் கயிற்றில் கட்டுவதை நான் ஆசை என்று சொல்லமாட்டேன், தம்பி. அது களவு. வளர்ந்த பிள்ளை, பதினெட்டு தாண்டியவன் என்று சட்டம் பேசாதீர்கள். பெண் கொடுத்த வீட்டுக்கு மருமகன் மூத்த மகன். அந்த வீட்டுக்கு ஒரு துன்பம் என்றால் முன்னால் நிற்க வேண்டியவர் நீங்கள்.

உங்கள் மனைவி ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இன்னுமா புரியவில்லை? அவவின் புருசனும் தம்பியும் ஒரே கயிற்றில் நிற்கப் போகிறார்கள். அதைத் தாயிடம் சொல்லவும் முடியாமல், உங்களைத் தடுக்கவும் முடியாமல் ஒரு மாதமாக அந்த ரகசியத்தைச் சுமக்கிறா. அவவுக்கு என்ன புரிய வைக்கப் போகிறீர்கள்? எல்லாம் புரிந்ததால்தானே வாய் மூடியிருக்கிறா.

எனக்கு ஒன்று ஆனால் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஆண்கள் அதைத் துணிச்சல் என்றே யோசிப்பார்கள். அவன் விழுந்து நீங்கள் பிழைத்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தீர்களா? மூத்த டவ்க்வால்டர் மகனோடு உயிரோடு இறங்கி வந்தார். கயிற்றை அவரே அறுத்தார் என்று ஊர் பேசியது. விசாரணை நடத்திக் குற்றமில்லை என்று சொன்னார்கள். பேச்சு நிற்கவில்லை, சாகும்வரை அது அவரோடு வந்தது. அதே மலையின் இத்தாலியப் பக்கத்தில் ழான் அந்துவான் கரேல் என்ற வழிகாட்டி இருந்தார். விம்பருக்கு மூன்று நாள் பின்னால் அந்தப் பக்கமாக ஏறியவர். 1890இல், அறுபது வயது கடந்த நிலையில், புயலில் சிக்கிய தன் ஆட்களை முகட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். ஆபத்தான பாறையெல்லாம் தாண்டி அவர்கள் கால் பத்திரமான இடத்துக்கு வந்த பிறகுதான் களைத்து விழுந்து உயிரை விட்டார். ஒருவரைக் கயிற்றில் கட்டிக்கொள்வது என்றால் அந்த மனிதருக்கு அதுதான் பொருள். உங்களுக்கு அந்தப் பிள்ளையை அப்படி இறக்கிக் கொண்டுவரத் தெரியுமா? தெரியாது. யாரும் உங்களுக்குக் கற்றுத் தரவில்லை, நீங்களும் கற்றுக்கொள்ளவில்லை.

சப்பாத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது என்னை உறங்கவிடவில்லை. உச்சிப் பகுதியில் பனி இருக்கும், காலில் இரும்புமுள் பூட்ட வேண்டும். அது உறுதியாக நிற்க விறைத்த அடி கொண்ட சப்பாத்து வேண்டும். நடைபாதைக்கு வாங்கின பழைய சப்பாத்து நடுவில் வளையும், முள் கழன்றுவிடும். அளவாக இருக்கு என்று விரலை விட்டுப் பார்த்திருப்பீர்கள். அடியை வளைத்துப் பார்த்தீர்களா?

கோடை வரவர அந்த மலை இளகிக்கொண்டும் இருக்கிறது. பாறைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பனிக்கட்டி வெயிலில் உருகும். 2003 ஜூலையில் ஹோர்ன்லி முகட்டிலேயே பாறை சரிந்து, மேலே இருந்தவர்களை ஹெலிகொப்டரில் இறக்கினார்கள், பாதையை மூடினார்கள். நீங்கள் குறித்திருப்பது ஆகஸ்ட்.

உங்கள் ஆசைக்கு வருகிறேன். குசினி யன்னலில் நின்று பார்த்த மலையில் ஏற நினைப்பதை நான் மதிக்கிறேன். அதற்குரிய விலையைக் கொடுங்கள். இரண்டு வருடம் பணம் சேருங்கள். அந்த இரண்டு கோடையிலும் வழிகாட்டியோடு பிரைட்ஹோர்ன், பிறகு ரிஃபெல்ஹோர்ன், பொல்லுக்ஸ் என்று பழகுங்கள். முள் பூட்டிய காலோடு பாறையில் இறங்கப் படியுங்கள். பிறகு உங்களுக்கென்று ஒரு வழிகாட்டியோடு ஹோர்ன்லிக்குப் போங்கள். அவர் திரும்பு என்றால் திரும்புங்கள். ஆயிரம் பிராங்கு மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்குப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மச்சானையும் பக்கத்தில் இருத்தி, எந்த மலை, எந்த மாதம், யார் யாரைக் கட்டிக்கொண்டு ஏற இருந்தீர்கள் என்று மாமியிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ஏச்சு விழும், இருந்து கேளுங்கள். பிறகு அவனிடம், நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று சொல்லுங்கள். உனக்கு விருப்பமில்லாவிட்டால் வரவேண்டாம் என்று முடிவை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். மலையில் அவனுக்கு உண்மையாகவே ஆசை இருந்தால் முறையான ஒரு பாறைப் பயிற்சியில் சேர்த்துவிட்டுப் பணத்தை நீங்களே கட்டுங்கள்.

மனைவியிடம் என்ன பேசுவது என்பதை அதற்குப் பிறகு எழுதிக் கேளுங்கள்.