அமெரிக்காவில் 1898-க்கு முந்தைய துப்பாக்கி வாங்கப் பின்னணிச் சோதனை உண்டா?

கூட்டாட்சிச் சட்டப்படி இல்லை. 1898 முடிவதற்குள் தயாரானதை 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 'துப்பாக்கி'க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதற்கு 'ஆன்டிக்' என்று பெயர். கடையில் துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் படிவம் 4473 வேண்டாம், எஃப்பிஐ நடத்தும் 'நிக்ஸ்' என்ற பின்னணிச் சோதனையும் கிடையாது. ஆனால் 50 வருஷப் பழசையும் 'ஆன்டிக்' என்று சொல்லி விற்பார்கள். அது 'கியூரியோ அண்ட் ரெலிக்' என்ற தனி வகை. கடையில் வாங்கினால் சோதனை உண்டு.

ஆகவே எல்லாம் தயாரிப்பு ஆண்டில் இருக்கிறது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜெர்மன் மவுசர் ரைஃபிளில் 'கேவ். 98' என்று பொறித்திருப்பது மாடல் பெயர். 1916-இல் செய்ததிலும் அதேதான் இருக்கும். ஸ்வீடனின் எம்96 மவுசரில் வேலை சுலபம்: ரிசீவர் (குழல் பொருந்தும் நடு உலோகப் பகுதி) வளையத்தின் மேலேயே ஆண்டு இருக்கும். 1898 என்றால் ஆன்டிக், 1899 என்றால் இல்லை. பழைய ரஷ்ய ரிசீவரை வைத்து ஃபின்லாந்து செய்த எம்39 ரைஃபிளின் குழலில் 1942 என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். துப்பாக்கிச் சட்டத்தைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் பார்ப்பது ரிசீவரை. திருகுகளைக் கழற்றி மரக்கட்டையிலிருந்து தூக்கினால், ரிசீவர் வால்பகுதியின் அடியில் ரஷ்யர்கள் குத்திய பழைய ஆண்டு தெரியும். அது 1898 அல்லது அதற்கு முந்தையது என்றால்தான் ஆன்டிக். அந்த இடத்தின் படம் தராத விற்பனையாளரிடம் ஆன்டிக் விலை கொடுக்காதீர்கள்.

புதிதாகச் செய்த நகலாக இருந்தாலும், வாய்வழி கருமருந்து கெட்டித்துச் சுடும் வகைக்கு விலக்கு உண்டு. தோட்டா இல்லாமல் மருந்தும் குண்டும் தனித்தனியே போடும் 'கேப் அண்ட் பால்' ரிவால்வர் நகலும் அப்படியே. அதில் தோட்டா போடும் மாற்று சிலிண்டரைப் பொருத்திய நிமிஷமே அது சாதாரணத் துப்பாக்கி ஆகிவிடும்.

இன்னொரு பொறி, குழல் வெட்டிய பழைய ஷாட்கன். 1890-இல் செய்ததே ஆனாலும், இன்று கடையில் கிடைக்கும் தோட்டா அதில் போகும், குழல் 18 அங்குலத்துக்குக் குறைவு என்றால் என்எஃப்ஏ எனும் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பிடிக்கும். அந்தச் சட்டத்தில் 'ஆன்டிக்' விளக்கமே வேறு. பதிவில்லாமல் வைத்திருப்பது பெருங்குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று தொடக்கூடாது.

மேலே சொன்னதெல்லாம் கூட்டாட்சி விதி. மாநிலம் இதைவிடக் கெடுபிடியாக இருக்கலாம்: நியூ ஜெர்சியில் கருமருந்துக் கைத்துப்பாக்கிக்கும் பர்மிட் கேட்பார்கள். பழைய தண்டனை உள்ளவர்களைப் பல மாநிலச் சட்டங்கள் ஆன்டிக் விஷயத்திலும் விடுவதில்லை. அவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

ஊருக்கு எடுத்துப்போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இந்திய ஆயுதச் சட்டம் 1898-ஐப் பார்ப்பதில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் 45-ஆம் பிரிவில் விலக்கு. சுடக்கூடியது என்றால் லைசென்ஸ் வேண்டும்.