பிளாக்அவுட் என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள்? பவர்கட்டும் அதுவும் ஒன்றுதானா?

தெருவில் ஃபியூஸ் போனாலோ பராமரிப்புக்காக நிறுத்தினாலோ அது பவர்கட். பல ஊர்களை இணைக்கும் மின்கட்டமைப்பே சரிந்து மொத்தப் பகுதியும் இருண்டால் பிளாக்அவுட்.

பல்லக்குத் தூக்கும் எட்டுப் பேரில் ஒருவர் தோளை விலக்கினால், அவர் பாரமும் மற்றவர்மேல் இறங்கும். அடுத்தவர் தளர்வார், பிறகு எல்லோரும். 2012 ஜூலை 30, 31-ல் இந்தியாவில் நடந்தது இதுதான். மத்தியப் பிரதேசத்தின் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்தடம் சுமை தாங்காமல் ட்ரிப் ஆக, பக்கத்துத் தடங்களும் நொடிகளில் வரிசையாக விலகின. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டமைப்புகள் மூன்றும் விழுந்தன. தென்கட்டமைப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணையாமல் தனி அதிர்வெண்ணில் ஓடியதால் தமிழகம் தப்பியது.

மீட்பதுதான் கடினம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி அரைக்க, பம்பு ஓட, விசிறி சுழல மின்சாரம் வேண்டும்! அதனால் முதலில் நீர்மின் நிலையங்களைச் சிறு டீசல் ஜெனரேட்டரால் எழுப்பி, அங்கிருந்து படிப்படியாகக் கொடுப்பார்கள்.

போர்க்காலத்தில் எதிரி விமானங்களுக்குத் தெரியாதபடி விளக்கணைப்பதற்கும் இதே பெயர். குடியால் நினைவு அறுபடுவதற்கும் இதுவே. ஆனால் பலர் நினைப்பதுபோல் அது மயக்கம் அல்ல. அந்த நேரத்தில் குடித்தவர் நடப்பார், பேசுவார், வண்டிகூட ஓட்டுவார். மூளை அவற்றை நீண்டகால நினைவாகப் பதிவு செய்யாது, அவ்வளவுதான்.