தனியாக இருக்கும் அம்மாவுக்கு எந்த அவசர பட்டன்? கேள்வி பதில்

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கடலூர், புதுச்சேரி என்று இரண்டு பக்கமும் அலைகிறேன். விழுந்தால் அழுத்துகிற அவசர பட்டன் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இதோ பதில்.

கே: அம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். கழுத்தில் மாட்டுவதா, கையில் கட்டுவதா, எது நல்லது அண்ணா? (மஞ்சக்குப்பம்)

அதற்கு முன்னால் ஒன்று சொல்லும்மா, அழுத்தினால் பத்து நிமிடத்தில் வாசலில் வந்து நிற்கப்போவது யார், அவரிடம் சாவி இருக்கிறதா? என் அம்மா குளியலறையில் வழுக்கியபோது பட்டன் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, எதிர்வீட்டு அக்காவும் ஓடி வந்தார், ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த தெருக்கதவை உடைக்க ஆள் தேடி முக்கால் மணி நேரம் போய்விட்டது. எலும்பு முறியாவிட்டாலும் நீண்ட நேரம் தரையிலேயே கிடந்தால், அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மறுவாரமே வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டாக மாற்றினேன், குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியே விட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்: கையில். கழுத்தில் மாட்டினால் தாலிச் சங்கிலியோடு சிக்குகிறது என்று கழற்றி சாமி படத்து ஆணியில் தொங்கவிடுவார்கள், பல வீடுகளில் பார்த்தாச்சு. குளிக்கும்போதும் கையிலேயே இருக்க வேண்டும், அதனால் ஐபி67 என்று போட்டிருக்கிறதா பார். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம்.

கே: சிம் போடுகிற பட்டன் ஆன்லைனில் மலிவாக இருக்கிறதே? (லாஸ்பேட்டை)

பெட்டியில் 2ஜி என்று மட்டும் போட்டிருந்தால் ஜியோ சிம் எடுக்காது, அவர்களிடம் 2ஜியே கிடையாது. 4ஜி வாங்குங்கள். ரீசார்ஜ் தேதியை அம்மா நினைவில் வைக்கமாட்டார், அது உங்கள் வேலை. வைஃபையை மட்டும் நம்புகிற கருவி எனக்குப் பிடிக்காது, கரண்ட் போனால் மோடமும் படுத்துவிடும். 2011-இல் ‘தானே’ புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். புயல் நாளில் டவரும் சேர்ந்து போகும், அப்போது பக்கத்து வீட்டுக்காரர் நேரில் எட்டிப் பார்ப்பதுதான் வழி.

கே: நான் பாரிஸில், அப்பா முத்தியால்பேட்டையில். இங்கே கிடைக்கிற பட்டனை வாங்கி அனுப்பலாமா?

வேண்டாம் சார். அழுத்தினால் எடுத்துப் பேசுகிறவர் அங்கே பிரெஞ்சில் கேட்பார், அப்பா இங்கே தரையில் கிடப்பார். அங்கிருந்து நீங்கள் 108 அடித்தாலும் இங்கே வராது. உள்ளூர் சிம் போட்ட கருவியாக இங்கேயே வாங்குங்கள், அது அழைக்கிற முதல் எண் தெருவிலேயே இருப்பவருடையதாகவும், உங்கள் எண் கடைசியிலும் இருக்கட்டும்.

கே: விழுந்தால் வாட்ச் தானாகவே கூப்பிடுமாமே?

ஆப்பிள் வாட்சில் சீரிஸ் 4 முதல் உண்டு. பலமாக விழுந்து ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அதுவே அழைக்கும். நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். அடிக்கடி சார்ஜ் போட வேறு வேண்டும், அதைச் செய்ய வீட்டில் ஆள் இருந்தால் வாங்குங்கள்.

கே: அவ்வளவு காசு இல்லை, பாட்டியிடம் சாதா பட்டன் போன்தான். (நெல்லிக்குப்பம்)

2017-க்குப் பிறகு வந்த பட்டன் போன் என்றால் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர உதவி எண் 112-க்குப் போகிற வசதி இருக்க வேண்டும், எந்த எண் என்று பார்த்துப் பாட்டிக்குப் பழக்குங்கள். இன்னொன்று, ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி, பட்டனைக் கட்டிலோரம் ஒட்டி, மணியைப் பக்கத்து வீட்டில் மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும் மணியாகக் கேளுங்கள். நடுச் சுவர் தடித்திருந்தால் எட்டாது, கடைக்காரரிடம் மாற்றித் தருவாரா என்று பேசிவிட்டு எடுத்துவாருங்கள்.