விநியோகச் சங்கிலியைத் திருத்த எங்கே கை வைக்க வேண்டும்?

உலகெங்கும் பரந்து கிடக்கும் விநியோகச் சங்கிலிகள் இயற்கைக்கும் தொழிலாளிக்கும் கேடு செய்யாமல் இருக்க, நிறுவனங்கள் முதலில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்முதல் பிரிவிலேயே வேலை பார்த்துப் பழகியவன் நான். அதனால் என் பார்வை அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். என்னைக் கேட்டால், வாங்கும் நிறுவனம் தன் கொள்முதல் பிரிவைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

வழக்கமாக நடப்பது இதுதான். நிறுவனத்தின் ஒரு பிரிவு, குழந்தைத் தொழிலாளர் கூடாது, அளவுக்கு மீறிய ஓவர்டைம் கூடாது, அனுமதியின்றி வெளியே வேலை கொடுக்கக் கூடாது என்று நடத்தை விதிகளை அனுப்பி சப்ளையரிடம் கையெழுத்து வாங்கும். அதே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவோ, போன முறையை விடக் குறைந்த விலைக்குக் கேட்கும். வடிவமைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றும். ஆனால் சரக்கு ஏற்றும் தேதியை மட்டும் தள்ளிப்போட மறுக்கும். பணத்தைப் பல வாரங்கள் கழித்துத் தரும். இரண்டு பிரிவுகளின் கடிதங்களும் ஒரே சப்ளையரின் மேசைக்குத்தான் வருகின்றன. ஆர்டர் இரண்டாவது கடிதத்தில் இருக்கிறது. பிறகு அவர் இரவு வேலை வைப்பதிலும், வேலையில் பாதியைப் பெயர் தெரியாத ஒரு பட்டறைக்குத் தள்ளிவிடுவதிலும் என்ன வியப்பு? விதிகள் நடக்கின்றனவா என்று பார்க்க வரும் தணிக்கையாளருக்கு ஒரு வருகைப் பதிவேடு, சம்பளம் போட இன்னொன்று என்று வைத்திருக்கும் தொழிற்சாலைகள் இப்படித்தான் உருவாகின்றன.

தணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் தீப்பிடித்த அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை சாட்சி. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். கட்டடத்தில் முந்தைய நாளே விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். அங்கிருந்த ஆலைகளில் சமூகத் தணிக்கை முடிந்தவையும் உண்டு. தூணும் கூரையும் தாங்குமா என்று பார்ப்பது அந்தத் தணிக்கையின் வேலையாகவே இருக்கவில்லை.

அதன் பிறகு வந்த வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன். 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு போட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. ஆய்வு அறிக்கைகள் பொதுவெளியில் வந்தன. பழுது பார்க்கப் பணத்துக்கு வழி செய்யும் பொறுப்பு பிராண்டுகள் மேலும் விழுந்தது. வாக்குத் தவறினால் தொழிற்சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், போகவும் செய்தது. அப்படிப்பட்ட ஒரு வழக்கில், ஒரு பிராண்டு 2018இல் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. தானாக முன்வந்து எடுக்கும் உறுதிமொழி எதற்கும் இந்தப் பல் கிடையாது.

கோகோவைப் பாருங்கள். சாக்லேட் நிறுவனங்கள் 2001இல் கையெழுத்திட்ட ஹார்கின்–ஏங்கல் உடன்பாடு, மிக மோசமான குழந்தைத் தொழில்முறை இல்லாமல் விளைந்த கோகோ என்று சான்றளிக்கும் முறையை 2005க்குள் கொண்டுவருவதாகச் சொன்னது. 2020இல் வந்த ஆய்வு, ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் இருப்பதாகக் கணக்கிட்டது. விவசாயிக்குக் கூலியாள் வைக்கக் கட்டுப்படியாகாத விலையைக் கொடுத்துவிட்டு, மூட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் செயலியில் பதிவு செய்து என்ன பயன்?

கனிமங்களில் நிலைமை வேறு. சுரங்கங்கள் எண்ணிலடங்காதவை, பொருள் செய்யும் நிறுவனங்களும் அப்படியே. நடுவில் உருக்காலைகள் மட்டும் மணல் கடிகாரத்தின் இடுப்பு போலச் சொற்பம். சோதனையை அங்கே வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் காங்கோ பகுதிக் கனிமங்கள் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கின்றனவா என்று நிறுவனங்கள் சோதித்துச் சொல்ல வேண்டும் என்ற டாட்–ஃபிராங்க் சட்டம் 2010இல் அமெரிக்காவில் வந்தபோது, பல நிறுவனங்கள் சோதிப்பதற்குப் பதிலாக கிழக்கு காங்கோவிலிருந்து வாங்குவதையே நிறுத்திவிட்டன. ஆயுதக் குழுக்களோடு தொடர்பே இல்லாத சிறு சுரங்கத் தொழிலாளர்களும் பிழைப்பை இழந்தார்கள். பிரச்சினை தெரிந்ததும் கழன்றுகொள்வதற்குப் பொறுப்பு என்று பெயர் வைக்க முடியாது.

சுற்றுச்சூழல் பக்கம் வந்தால், பலரும் கப்பலைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள். உலக வணிகச் சரக்கில் எடைக்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியே போகிறது. பசுங்குடில் வாயுக்களில் கப்பலின் பங்கு ஏறக்குறைய 3 சதவீதம்தான். சாயப்பட்டறையின் நிலக்கரி பாய்லரும் ஆலைக்கு வரும் மின்சாரமும் பல பொருள்களில் தூரத்தை விடப் பெரிய கணக்கு. விமானத்தில் அனுப்பினால் கதையே வேறு. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகும் புகை பல மடங்கு கூடும். சரக்கு ஏன் விமானம் ஏறுகிறது? பல நேரங்களில் யாரோ வடிவமைப்பைத் தாமதமாக முடிவு செய்ததால். பாய்லரை ஏன் மாற்றவில்லை? அடுத்த பருவத்துக்கு ஆர்டர் உண்டா என்பதே தெரியாதவருக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? இதுவும் கொள்முதல் பிரிவில்தான் போய் முடிகிறது.

சப்ளையர்களிடம் நடக்கும் கேட்டையும் பெரிய நிறுவனமே கண்காணிக்க வேண்டும் என்ற சட்டங்கள் தேவைதான். பிரான்ஸ் 2017இலேயே கொண்டுவந்தது. ஜெர்மனியின் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெரிய நிறுவனம் தன் கடமையை நூறு கேள்விகள் கொண்ட படிவமாக்கி, நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையின் தலையில் கட்டினால், அங்கே படிவம் நிரப்ப ஒருவருக்கு வேலை கிடைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் நிறுவனத்தில் இதைத் தொடங்க வேண்டுமானால் மூன்று விவரங்களை வாங்கிப் பாருங்கள்: ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் உள்ள சப்ளையர்கள் எத்தனை பேர், சரக்கு வந்து எத்தனை நாளில் பணம் போகிறது, கொள்முதல் மேலாளரின் போனஸில் விலைக் குறைப்புக்கு எவ்வளவு பங்கு. மூன்றாவதைத் தர மனிதவளப் பிரிவு தயங்கும், அதை விட்டுவிடாதீர்கள்.