பர்மாவில் வீட்டு வாசலில் கொக்கிக் கம்பு எதற்கு?

பெகு பக்கத்துத் தமிழர் வீடுகளில் சாத்தியிருக்கும் நீளக் கம்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கானவை. மூங்கில் சுவர், ஓலைக் கூரைத் தெருவில், சித்திரை வெயிலில் தீயணைப்பு வண்டி வருமுன் நாலு வீடு போய்விடும். 1981 மே மாதம் மாண்டலேயில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன.

தீப்பிடித்தால் ஒருவர் தீயணைப்பு எண் 191-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் எரியும் வீட்டை விட்டுவிட்டு, காற்று போகும் திசையில் அடுத்த கூரையைக் கொக்கியால் இழுத்துப் பிரித்து இடைவெளி விட வேண்டும். வீட்டுக்காரர் தடுப்பார், நேரம் போவது அங்கேதான். ஆகவே கோடைக்கு முன்பே பேசி வைப்பது நல்லது.

மூங்கிலுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும், பொறி எகிறும். அந்தப் பொறியை அடித்து அணைக்கும் தட்டியை நனைத்தே வீசுங்கள். காய்ந்தது தீயை விசிறிவிடும். எண்ணெய்த் தீக்கு மணல்தான், தண்ணீர் கூடவே கூடாது. மழையில் இறுகிய மணல் தூவ வராது, உலர்த்தி மாற்றுங்கள்.