வாசகர் கேள்வி–பதில்: தூண்டிலோடு போக எந்த வண்டி?

கேள்வி: ஐயா, வாரம் ஒரு நாள் தூண்டில் போடப் போகிறவன் நான். பெரும்பாலும் ஏரி, ஆற்றங்கரை. மாதம் ஒரு முறை கடற்கரை. தம்பியும் கூட வருவான். இருப்பது பழைய செடான். கம்புகள் உள்ளே அடங்கமாட்டேன் என்கின்றன. நண்பர்களில் பாதிப் பேர் ஃபோர் வீல் டிரைவ் எடு என்கிறார்கள், பாதிப் பேர் பிக்கப் எடு என்கிறார்கள். வார நாட்களில் அதே வண்டியில்தான் வேலைக்கும் போக வேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் நண்பர்கள் போகிற நேரத்தை நினைத்துச் சொல்கிறார்கள். நான் திரும்பி வருகிற நேரத்தை நினைத்துச் சொல்கிறேன். விடியற்காலையில், காய்ந்த தரையில், எந்த வண்டியும் தண்ணீர் ஓரம் வரை போய்விடும். சாயங்காலம் கதை வேறு. ஒரு மழை பெய்து பாதை சேறாகியிருக்கும். கம்பு, வலை, செருப்பு எல்லாம் ஈரம். ஐஸ் பெட்டி கல்லாய்க் கனக்கும், கண் சொருகும். அப்போது உங்களோடு ஒத்துழைக்கிற வண்டியைத் தேடுங்கள்.

பிக்கப்பை நானே 3 வருடம் வைத்திருந்தேன். நாற்றமெல்லாம் வெளியிலேயே நின்றுவிடும், சேற்றுக் காலணியைப் பின்னால் எறிந்துவிடலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். அந்த இரண்டும் உண்மைதான். ஆனால் பின்பாரம் இல்லாத பிக்கப்புக்கு ஈரப் புல் ஆகாது. கனமெல்லாம் முன்னால் எஞ்சினில், இழுப்பதோ பின்சக்கரம். லேசான மேட்டில்கூடச் சக்கரம் சும்மா சுற்றும். ஒரு நாள் வளைவில் ஐஸ் பெட்டி சறுக்கிப் போய், கிடத்தி வைத்திருந்த கம்பின் நுனியை நறுக்கென்று முறித்தது. அப்புறம்தான் மூடி போட்டேன், கயிறு கட்டினேன். போகிற ஒவ்வொரு இடத்திலும் அவிழ்ப்பதும் கட்டுவதுமே வேலையாகிவிட்டது. உங்களுக்கு வார நாள் வேலையும் இருக்கிறது. பிக்கப் வேண்டாம்.

முதலில் கம்பை அளந்துகொள்ளுங்கள். 7 அடிக் கம்பு இரண்டாகப் பிரிந்தால் மூன்றரை அடி, எந்தக் காரிலும் அடங்கும். ஒரே துண்டாக இருக்கும் 7 அடிக் கம்பும், கடற்கரையில் வீசுகிற 12 அடிக் கம்பின் 6 அடிப் பாதியும்தான் தலைவலி. பின்கதவிலிருந்து முன்கண்ணாடி வரை நேர்கோட்டில் எவ்வளவு நீளம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. பின்சீட்டு முழுதாக மடங்கினால் போதாது, பகுதி பகுதியாக மடங்க வேண்டும். அப்போதுதான் கம்புகள் முன்சீட்டுகளுக்கு நடுவே நீள, தம்பி தன் இடத்தில் நிம்மதியாக உட்காருவான். நான் வண்டி பார்க்கப் போனபோது கம்பையும் கையோடு கொண்டு போனேன். விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தான். பார்க்கட்டும். மீன் முறித்த கம்பைவிடக் கார்க்கதவு முறித்த கம்பையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பின்கதவின் உதடு, அதாவது சாமானைத் தூக்கி வைக்கிற விளிம்பு, எவ்வளவு உயரம்? 40 லிட்டர் ஐஸ் பெட்டியில் பனிக்கட்டியும் மீனும் நிறைந்தால் 30 கிலோ தாண்டும். அதை இடுப்புக்கு மேல் தூக்கி, உள்ளே பள்ளத்தில் இறக்குவது உங்கள் செடான் டிக்கியில் பழகிய வேலைதானே? முழங்காலுக்குச் சற்று மேலே விளிம்பு, அதே மட்டத்தில் உள்தரை, இப்படி அமைந்தால் பெட்டியைத் தள்ளியே ஏற்றிவிடலாம். கதவு மேல்நோக்கித் திறப்பதாக இருக்கட்டும். மழையில் அது கூரை, வெயிலில் பந்தல். விளிம்பில் உட்கார்ந்து முடிச்சுப் போடலாம். கதவு திறந்திருக்கும்போது எரிகிற உள்விளக்கை மட்டும் மறக்காமல் அணையுங்கள். மணிக்கணக்கில் எரிந்தால் பேட்டரி இறங்கி, இருட்டில் ஆள் தேட வேண்டியிருக்கும்.

சரி, ஃபோர் வீல் டிரைவ், அதாவது எஞ்சின் நாலு சக்கரத்தையும் சுழற்றுகிற நாலு சக்கர இழுவை. அது வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் உண்டு. ஒருமுறை நண்பரின் நாலு சக்கர இழுவை வண்டியை இரவல் வாங்கி, வற்றிய ஏரிக்குள் இறக்கினேன். மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருந்தது. நாற்பது அடி போயிருப்பேன், முன்சக்கரம் பாளத்தை உடைத்துக்கொண்டு களியில் இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நாலு சக்கரமும் பாரபட்சமில்லாமல் புதைந்தன. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் வண்டியைத்தான் தரவில்லை. அன்று முதல் இறங்கி நடந்து பார்க்காமல் வண்டியை விடுவதில்லை. குதிகாலை அழுத்தித் திருகினால் ஈரம் கசிகிறதா? அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

உங்கள் கணக்குக்கு நாலு சக்கர இழுவையைவிடத் தரை இடைவெளியும் டயரும்தான் முக்கியம். தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு 170 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலான கரைப்பாதைகளைச் சமாளிக்கலாம், 200 இருந்தால் இன்னும் நல்லது. மாதாமாதம் மணலுக்குள்ளேயே வண்டியை இறக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் நண்பர்கள் சொல்வது சரி. அப்போதும் காற்றைக் குறைக்காமல் இறங்காதீர்கள். 32 பிஎஸ்ஐ இருக்கிற டயரை 18 அளவுக்கு இறக்கினால், மணலில் பதிகிற தடம் நீண்டு வண்டி மிதந்து போகும். ரோட்டுக்கு ஏறியதும் பழையபடி நிரப்ப வேண்டும், ஆகவே சின்ன கம்ப்ரெசர் ஒன்று கூடவே இருக்கட்டும். என்னைக் கேட்டால், ரோட்டோரம் நிறுத்திவிட்டு முந்நூறு அடி நடப்பது இதைவிட லேசு.

ஆக, உயரமான ஹேட்ச்பேக் அல்லது கூரை பின்கதவு வரை நீளுகிற ஸ்டேஷன் வேகன், முன்சக்கர இழுவையே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் போடுங்கள், பின்னால் விளிம்பு தூக்கிய ரப்பர் தட்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். கடல்மீனின் வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமின் என்கிற காரப்பொருள். துணி இருக்கையில் ஊறிவிட்டால் சோப்பு மட்டும் போதாது, நீர் கலந்த வினிகர் போன்ற புளிப்பு வேண்டும். ரப்பரில் விழுந்தால் கழுவினால் போச்சு. கடற்கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கழுவிவிடுங்கள். உப்பு மேலே பளபளக்கிற பெயின்ட்டை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மூலையில் பிரேக் குழாயைத் தின்னும். பழைய வண்டி வாங்குவதாக இருந்தாலும் இதே காரணத்துக்காகக் கீழே குனிந்து பாருங்கள். பின்னால் இழுவைக் கொக்கி இருந்தால், படகை இறக்க உப்புத் தண்ணீர் வரை போன வண்டியாக இருக்கலாம், இரண்டு முறை குனியுங்கள்.

கேள்வி: சின்ன அலுமினியப் படகு ஒன்று வாங்கும் எண்ணம். முன்சக்கர இழுவைக் கார் அதை ட்ரெய்லரில் இழுக்குமா?

பதில்: ரோட்டில் இழுக்கும். எவ்வளவு எடை வரை என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். படகை மட்டும் கணக்கிட்டால் போதாது. ட்ரெய்லர், மோட்டார், எரிபொருள், பெட்டி எல்லாம் சேர்த்துப் போடுங்கள். ட்ரெய்லர் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்னால் பாரம் கூடிப்போனால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், அதைப் போல வயிற்றைக் கலக்குவது வேறில்லை.

சிக்கல் படகைத் தண்ணீரில் இறக்கி ஏற்றுகிற சரிவில்தான் வரும். பாசி பிடித்த ஈரச் சரிவில் மேலே இழுக்கும்போது கனம் பின்னால் சாயும், இழுக்க வேண்டிய முன்சக்கரம் பிடி தளர்ந்து சுற்றும். ஆகவே நாலு சக்கர இழுவை வாங்க நியாயமான காரணம் மணலைவிட இந்தச் சரிவுதான் என்பேன். இன்னொரு விஷயம்: வந்து சேர்ந்தவுடன் ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஓடிச் சூடான சக்கர மையம் சட்டென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், பேரிங் போய்விடும். கம்பில் நரம்பு கோத்து முடியுங்கள், அதற்குள் ஆறிவிடும்.

கேள்வி: என்னிடம் ஸ்கூட்டர் மட்டும்தான் இருக்கிறது. கார் இல்லாமல் தூண்டில் ஆசை வரக் கூடாதா?

பதில்: என் முதல் 10 வருடங்கள் ஸ்கூட்டரில்தான். கார் நுழையாத ஒற்றையடிப் பாதையில் அது நுழையும். கால் வைக்கும் தட்டில் பெட்டி, தோளில் பை. கம்புக்கு மூன்று அங்குல பிவிசி குழாய் ஒன்றை, இரு பக்கமும் மூடி போட்டு, வண்டியின் நீளவாக்கில் கட்டினேன். குறுக்கே கட்டாதீர்கள், வேலியோடு வம்பு வரும். மடங்கிச் சுருங்குகிற கம்பு வாங்கினால் குழாயும் வேண்டாம். பக்கவாட்டு ஸ்டாண்டின் அடியில் வைக்கத் தட்டையான கல்லோ தகர மூடியோ இருக்கட்டும், ஈர மண்ணில் ஸ்டாண்டு இறங்கி வண்டி படுத்துவிடும்.

கேள்வி: பட்டன் சாவி வண்டி வாங்கியிருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுகிறவன் நான். சாவியை டயர் மேல் ஒளித்து வைக்கலாமா?

பதில்: பழைய சாவி என்றால் அதுவும் ஒரு வழி. உங்கள் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், யார் கைப்பிடியைத் தொட்டாலும் கதவு திறந்துகொள்ளும். பையிலேயே வைத்து இறங்கினால் உப்புத் தண்ணீர் அதன் சில்லைக் கொன்றுவிடும். உள்ளே செருகியிருக்கும் உலோகச் சாவி கதவைத் திறக்கும், எஞ்சினைக் கிளப்பாது. தண்ணீர் புகாத சின்னப் பை ஒன்றில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி, கரையிலேயே உட்கார்ந்து மிதவையைப் பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டாளியிடம் இருக்கட்டும்.